மண்ணுக்கும் வில்லங்கம் உண்டு: வட சென்னையில் பழைய தொழில் மனையை வாங்குமுன் செய்ய வேண்டிய முதற்கட்ட ஆய்வு

மனை வாங்கப் போகும் எவரும் வில்லங்கச் சான்றிதழைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் உரிமையைப் பற்றி மட்டுமே பேசும். அந்த இடத்தில் முப்பது ஆண்டுகள் என்ன தொழில் நடந்தது, எந்தத் திரவம் மண்ணுக்குள் இறங்கியது, கிணற்று நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதையெல்லாம் அது சொல்லாது. அவற்றைக் கண்டறிய உள்ள முறைதான் முதற்கட்டச் சூழல் ஆய்வு. துறையில் இருப்பவர்கள் ‘பேஸ் ஒன்’ என்பார்கள். வட சென்னையில் பட்டறையோ கிடங்கோ ஆலையோ இருந்த மனையில் குடியிருப்பு கட்ட எண்ணும் சிறு கட்டுநர்களையும், இப்படிப்பட்ட ஆய்வுக்கு முதன்முறையாக அனுப்பப்படும் இளம் பொறியாளர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதற்கட்ட ஆய்வில் மண்ணைத் தோண்டுவதும் இல்லை, நீரைச் சோதனைக்கு அனுப்புவதும் இல்லை. ஆவணங்களைப் படிப்பது, நிலத்தை நேரில் பார்ப்பது, அதை அறிந்தவர்களிடம் பேசுவது, மூன்றையும் சேர்த்து அறிக்கை எழுதுவது என்பதோடு அது முடிந்துவிடும். புதியவர்கள் பலர் இதை விட்டுவிட்டு நேராக ஆய்வகத்துக்கு ஓடுகிறார்கள். நான்கு மூலைகளில் கைப்பிடி மண் எடுத்துக் கொடுத்து, ‘எல்லாம் வரம்புக்குள்’ என்று வரும் தாளைப் பத்திரத்தோடு சேர்த்துக் கோத்து வைக்கிறார்கள். எங்கே, எந்த ஆழத்தில், எந்தப் பொருளைத் தேட வேண்டும் என்று தெரியாமல் எடுத்த மாதிரிக்குச் செலவழித்த பணம் வீண். அது தரும் நிம்மதி அதைவிடத் தீங்கானது.

இந்த முறை அமெரிக்காவில் உருவானது. ரசாயனக் கழிவு புதைக்கப்பட்ட லவ் கனால் என்னும் பழைய கால்வாயை ஒட்டி எழுந்த குடியிருப்பின் நிலை 1978இல் வெளிச்சத்துக்கு வந்தது. 1980இல் வந்த சட்டம், மாசடைந்த நிலத்தின் உரிமையாளரையும் துப்புரவுச் செலவுக்குப் பொறுப்பாக்கியது. வாங்குமுன் முறையாக விசாரித்தவருக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு கிடைக்க வழி உண்டு என்பதால் ஆய்வுக்கு எழுதப்பட்ட தரநிலையும் உண்டு. இப்போது புழக்கத்தில் இருப்பது ஏ.எஸ்.டி.எம். என்னும் தரநிலை அமைப்பின் இ1527-21. நம் நாட்டில் இந்த ஆய்வு நில விற்பனைக்குக் கட்டாயமில்லை. வெளிநாட்டு முதலீட்டாளரும் சில கடன் நிறுவனங்களும் கேட்பதால் பெரிய நிறுவனங்கள் செய்கின்றன, சிறியவர்கள் செய்வதில்லை.

ஆனால் நிலைமை மாறிவருகிறது. ‘மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்’ என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்ததே நம் வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில்தான். 2025 ஜூலையில் மத்திய அரசு, மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்வதற்கென்றே தனி விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ ஐயத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவற்றை முதலில் மேலோட்டமாகவும், தேவைப்பட்டால் விரிவாகவும் ஆராய வேண்டும். நீங்கள் வாங்கிய மனை பின்னாளில் அந்தப் பட்டியலில் ஏறினால், அதில் வீடு வாங்கியவர்களுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதை முன்பணம் கொடுக்குமுன் எண்ணிப் பார்ப்பது நல்லது.

வட சென்னை ஏன் தனியாகப் பேசப்பட வேண்டியது

எண்ணூரில் மோட்டார் வாகன ஆலை 1940களின் இறுதியில் வந்தது. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி முலாம் பூசும் பட்டறைகள், பேட்டரி ஈயம் உருக்கும் கொட்டகைகள், லாரி பழுது பார்க்கும் இடங்கள், ரசாயனக் கிடங்குகள், காயலான் கடைகள் என்று நூற்றுக்கணக்கில் வளர்ந்தன. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் இட்டபோது மணலி 76.32 பெற்றது, 70ஐத் தாண்டினாலே ‘மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி’ என்று பொருள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய பிறகு அந்த வழித்தட மனைகளைக் கட்டுநர்கள் தேடிப் போகிறார்கள். நான் பேசும் சிக்கல் அங்கேதான். பெரிய ஆலையின் நிலம் எல்லோருக்கும் தெரிந்தது. அதில் ஏமாறுபவர் குறைவு. ஐந்து கிரவுண்டில் இருந்த பெயர்ப் பலகையில்லாப் பட்டறைதான் ஆளைக் கவிழ்க்கும்.

முதல் படி: பத்திரங்களை வேறு கண்ணால் படியுங்கள்

தாய்ப் பத்திரம் முதல் இன்றைய கிரயப் பத்திரம் வரை வழக்கறிஞர் ஒருமுறை படிப்பார். அதே பத்திரங்களை நீங்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும். அவர் உரிமைத் தொடரைத் தேடுவார். நீங்கள் தொழிலின் பெயரைத் தேட வேண்டும். சொத்து விவரத்தில் ‘ஷெட்’, ‘பாய்லர் அறை’, ‘எண்ணெய்த் தொட்டி’ என்ற சொற்கள் வந்தால் அடிக்கோடிடுங்கள். நான்கு எல்லைகளில் ‘கிழக்கே இன்னார் சாயப் பட்டறை’ என்று இருந்தால் அதுவும் உங்களுக்கான செய்திதான். அடமானப் பதிவுகளை மறக்க வேண்டாம்: ஆலை இயந்திரங்களை ஈடாக வைத்து வங்கிக் கடன் வாங்கியவர், இயந்திரங்களின் பட்டியலைப் பத்திரத்திலேயே இணைத்திருப்பார்.

வில்லங்கச் சான்றிதழ் இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து வாங்க வேண்டும். வட சென்னையில் வேறொரு குழப்பமும் உண்டு. திருவொற்றியூர், மணலி, மாதவரம் ஆகியவை 2011இல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. மாவட்ட அளவிலும் இந்தப் பகுதி முன்பு செங்கல்பட்டிலும், 1997 முதல் திருவள்ளூரிலும், 2018க்குப் பிறகு சென்னையிலும் இருந்திருக்கிறது. ஆகவே ஒரே மனையின் கோப்பு மூன்று மாவட்டங்களின் பெயர்களில் சிதறிக் கிடக்கும். பழைய சர்வே எண்ணுக்கும் இன்றைய நகர அளவை எண்ணுக்கும் பொருத்தம் போட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் அடுத்த அலுவலகத்துக்குப் போகாதீர்கள்.

வில்லங்கச் சான்றிதழின் பெரிய ஓட்டை வாடகைதாரர்தான். பதிவைத் தவிர்ப்பதற்காகப் பதினோரு மாத ஒப்பந்தம் போடுவது நம் ஊரில் நெடுநாள் வழக்கம். நிலத்தைக் கெடுத்தவர் பெரும்பாலும் அப்படி வந்து போனவராகவே இருப்பார். அவர் பெயர் எந்தப் பதிவிலும் ஏறியிருக்காது. அவரைப் பிடிக்க மின் கட்டண அட்டையைக் கேளுங்கள்: ‘வெறும் கிடங்குதான்’ என்று சொல்லப்பட்ட இடத்துக்குத் தொழிற்சாலைக் கட்டண விகிதத்தில் மின் இணைப்பு இருந்தால், அங்கே இயந்திரம் ஓடியிருக்கிறது. மாநகராட்சியின் தொழில் உரிமம், சொத்து வரி மதிப்பீட்டில் உள்ள பயன்பாட்டு வகை, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் உரிமம், பெட்ரோலியம் சேமித்திருந்தால் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு தந்த உரிமம் ஆகியவற்றையும் தேட வேண்டும்.

தொழில் நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியான இசைவாணையின் கோப்பு கிடைத்தால் வேலை பாதி முடிந்தது போல. என்ன மூலப்பொருள், எவ்வளவு கழிவுநீர், எங்கே விடப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். உரிமையாளர் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்யலாம். பதிலுக்கு 30 நாள் காலவரம்பு உண்டு. இந்த ஒரு மாதத்தைக் கணக்கில் வைத்து, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த மனுவை அனுப்பிவிடுங்கள். தமிழ்நாடு வாரியம் அமைந்ததே 1982இல் என்பதால், அதற்கு முன் மூடிய பட்டறைக்குக் கோப்பு கிடைக்காது. கோப்பு இல்லாததை நிலம் சுத்தம் என்பதற்குச் சான்றாக எழுதிவிடக் கூடாது.

இரண்டாம் படி: மேலிருந்து பாருங்கள்

கூகுள் எர்த் செயலியில் பழைய படங்களை ஆண்டு வாரியாகப் பின்னோக்கிப் பார்க்க வசதி உண்டு. கொட்டகை எப்போது வந்தது, எப்போது இடிந்தது, முற்றத்தில் கரும்படலம் எங்கே பரவியிருந்தது, பீப்பாய்கள் எந்த மூலையில் அடுக்கப்பட்டிருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். கோடை மாதப் படங்களே இதற்கு ஏற்றவை. 1960களுக்கும் 70களின் தொடக்கத்துக்கும், இரகசியம் நீக்கப்பட்ட கொரோனா என்னும் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளின் படங்கள் அந்நாட்டுப் புவியியல் அளவை நிறுவனத்தின் தளத்தில் உள்ளன. (அந்தக் கொரோனாவுக்கும் நாம் அனுபவித்ததற்கும் தொடர்பில்லை.) இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் குளமோ கழியோ இருந்த இடத்தில் இப்போது சமதரை இருந்தால், அது எதைக் கொட்டி நிரப்பப்பட்டது என்று கேட்க வேண்டும். இங்கே சவுட்டு மண்ணும் இருக்கும், இடித்த கட்டட ரப்பிஷும் இருக்கும், எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையச் சாம்பலும் இருக்கும். சாம்பலில் ஆர்சனிக் போன்ற உலோகங்கள் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதை வெறும் நிரப்பு மண்ணாகக் கருத முடியாது.

பக்கத்து மனைகளையும் பாருங்கள். 2013இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடி எண்ணெய்க் குழாய்க் கசிவால் குடியிருப்புகளின் போர் தண்ணீரில் எண்ணெய் வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் எவரும் எண்ணெய்த் தொழில் செய்தவர்கள் அல்லர். கொடுங்கையூரின் 300 ஏக்கருக்கும் அதிகமான குப்பைக் கிடங்கை ஒட்டிய மனையில், கசிவுநீரும் மீத்தேனும் கணக்கில் வர வேண்டும். வெள்ளமும் மாசைத் தூக்கி வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. வழியிலிருந்த வீட்டுச் சுவர்களில் அந்தக் கறுப்புக் கோடு படிந்தது. கால்வாய்க்கரை மனையில் வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேட்டு வரைபடத்தில் கோடிடுங்கள்.

மூன்றாம் படி: நடந்து பாருங்கள்

ஒரு முறை காய்ந்த நாளில், ஒரு முறை மழைக்கு மறுநாள் என இருமுறை போவது என் வழக்கம். காய்ந்த நாளில் தரையின் கறைகள் தெரியும். மழைக்கு மறுநாள் தேங்கிய நீரில் வானவில் படலம் தெரியும். அந்தப் படலத்தை ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். கண்ணாடி போல் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புச் சத்தை உண்ணும் நுண்ணுயிரின் வேலை. கீறிய இடம் மறுபடி சுழன்று கூடினால் எண்ணெய் என்று ஐயப்பட வேண்டும். ஆய்வகச் சோதனைக்கு இது மாற்று ஆகாது; குறிப்பேட்டில் எழுத உதவும்.

தரையிலிருந்து எழும்பி நிற்கும் காரணம் தெரியாத இரும்புக் குழாய், நிலத்தடித் தொட்டியின் காற்றுப் போக்கியாக இருக்கலாம். சிமென்ட் தளத்தில் செவ்வகமாக வெட்டி ஒட்டுப்போட்ட இடத்தின் கீழ் தொட்டியோ குழியோ இருக்கலாம். முலாம் பட்டறை இருந்த இடத்தில் மஞ்சளோ பச்சையோ படிந்த சுவர் அடி குரோமியம், நிக்கல் உப்புகளை நினைவூட்ட வேண்டும். எங்கும் புல் முளைத்திருக்க ஒரு திட்டு மட்டும் மொட்டையாக இருப்பது, உறிஞ்சு குழி, பழைய டிரான்ஸ்ஃபார்மர் மேடை, உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் குவியல் ஆகிய ஒவ்வொன்றையும் படமெடுத்து இடத்தைக் குறியுங்கள். மனை முழுவதும் அண்மையில் புதுச் சவுடு பரப்பிச் சமன் செய்திருந்தால், ‘விற்பனைக்காக அழகுபடுத்தினோம்’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். எதையும் கையிலெடுத்து முகர்ந்து பார்க்காதீர்கள். மூடிய தொட்டிக்குள்ளோ பழைய கிணற்றுக்குள்ளோ எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள்.

நான்காம் படி: தெருவிடம் கேளுங்கள்

கொருக்குப்பேட்டைப் பக்கம் நான் பார்த்த ஒரு மனையில் பத்திரமும் வரி ரசீதும் ‘கிடங்கு’ என்றே சொல்லின. விற்பவரும் அப்படித்தான் சொன்னார். எதிரில் டீக்கடை வைத்திருந்த பெரியவரிடம், “ஐயா, இங்க என்ன கொடவுன் இருந்துச்சு?” என்று கேட்டேன். “கொடவுனா? டிரம் கழுவுற எடம் சார் அது. காலைல தொறந்தா கண்ணு எரியும். தண்ணி பூரா பின்னாடி பள்ளத்துக்குத்தான் போவும்” என்றார். ரசாயனப் பீப்பாய்களை வாங்கிக் கழுவி மறுவிற்பனை செய்யும் தொழில் அது. பத்தாண்டுக்கு மேல் நடந்திருக்கிறது. எந்த ஆவணத்திலும் இல்லாத அந்தப் பின்பக்கப் பள்ளத்தை அவர் கைகாட்டிய பிறகுதான் பழைய செயற்கைக்கோள் படத்தில் எங்களால் அடையாளம் காண முடிந்தது.

ஆகவே விற்பவர், இப்போதைய வாடகைதாரர் ஆகியோரோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய காவலாளி, ஓய்வுபெற்ற தொழிலாளி, எதிர்வீட்டு அம்மா, அந்தத் தெருவில் போர் போடும் மெக்கானிக் ஆகியோரிடம் பேசுங்கள். மெக்கானிக்குக்குத்தான் எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் களி, எந்த வீட்டுத் தண்ணீரில் வாடை என்பது தெரியும். ‘இங்கே மாசு உண்டா’ என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றே சொல்வார்கள். என்ன செய்தார்கள், எதில் வந்து இறங்கியது, கழுவிய தண்ணீர் எங்கே போனது, தீப்பிடித்ததுண்டா என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: சேர்த்துப் பார்த்து எழுதுங்கள்

இப்போது கையில் உள்ளவற்றை மூன்று கேள்விகளாக அடுக்க வேண்டும்: மாசு எங்கிருந்து வருகிறது, எந்த வழியே நகர்கிறது, யாரைச் சேர்கிறது. கடலோர மணற்பாங்கான நிலத்தில் நீர்மட்டம் ஆழமில்லை. சிந்திய திரவம் விரைவில் நீரைத் தொட்டுவிடும். பெட்ரோலும் டீசலும் நீரின் மேல் மிதந்து நகரும். உலோகம் சுத்தம் செய்யும் குளோரின் கலந்த கரைப்பான்கள் நீரைவிடக் கனமானவை என்பதால் அடியில் இறங்கிக் களிமண் அடுக்கின் மேல் தங்கும். இரண்டின் ஆவியும் தரைத்தள அறைக்குள் புகக்கூடும். நிலத்தடி நீர் பொதுவாகக் கடலை நோக்கி நகர்ந்தாலும், பக்கத்தில் யாராவது பெருமளவில் இறைத்தால் அந்தப் பக்கம் திரும்பிவிடும். கட்டுநர் அடித்தளம் தோண்டும்போது இறைக்கும் நீரும் அப்படித்தான், அயலாரின் மாசைத் தன் மனைக்கு இழுத்து வரும்.

உப்புநீரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மீஞ்சூர் வட்டாரத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவி வருகிறது. கரைந்த திண்மங்களின் அளவு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டியதால் தொழிற்சாலை மாசு என்று சொல்லிவிட முடியாது. குறைவாக இருப்பதால் ஈயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. குடிநீரில் ஈயத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அந்த அளவு ஈயத்தை, கரைந்த திண்மங்களை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மானி காட்டாது.

அறிக்கையில் கண்டவற்றை இன்றும் கவலைக்குரியவை, முன்பு இருந்து முறையாகத் தீர்க்கப்பட்டவை, பொருட்படுத்தத் தேவையில்லாதவை என்று பிரித்து எழுதுங்கள். கிடைக்காத ஆவணங்கள், பார்க்க முடியாத பூட்டிய அறைகள், பேச மறுத்தவர்கள் ஆகியவற்றுக்கு ஒரு தனிப் பகுதி வேண்டும். என் பார்வையில் அறிக்கையின் நேர்மை அந்தப் பகுதியில்தான் தெரியும். அமெரிக்கத் தரநிலையில் நேரடி ஆய்வு, நேர்காணல் போன்றவை 180 நாளுக்கு மேல் பழையதானால் புதுப்பிக்க வேண்டும். காயலான் சரக்கு ஒரே இரவில் வந்திறங்கும் நம் பகுதியில் அதைவிடக் குறைந்த காலமே பொருந்தும்.

கவலைக்குரியது ஏதேனும் இருந்தால் அப்போதுதான் மாதிரி எடுக்கும் இரண்டாம் கட்டம். எந்தத் தொழிலோ அதற்கேற்ற சோதனையைக் கேளுங்கள்: முலாம் பட்டறைக்கு ஆறு இணைதிறன் குரோமியமும் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) நிக்கலும், பேட்டரிக் கொட்டகைக்கு ஈயம், எரிபொருள் இருந்த இடத்துக்கு மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பனும் பென்சீன் வகையும். ஆய்வகங்களுக்கான என்.ஏ.பி.எல். என்னும் தேசிய வாரியத்தின் அங்கீகாரம் குறிப்பிட்ட சோதனைகளுக்கே தரப்படுகிறது; உங்களுக்கு வேண்டிய சோதனை ஆய்வகத்தின் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். எளிதில் ஆவியாகும் பொருளுக்கான நீர் மாதிரியைக் காற்றுக் குமிழி இல்லாமல் கண்ணாடிக் குப்பியில் நிரப்பிப் பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் அனுப்பினால் முடிவு நல்லதாகத்தான் வரும், உண்மையாக வராது.

ஒப்பந்தமும் தோண்டிய மண்ணும்

இவை அனைத்தும் விற்பனை ஒப்பந்தத்துக்கு முன் முடிவதே நல்லது. விற்பவர் அவசரப்படுத்தினால், ஒப்பந்தத்தில் மூன்று செய்திகளாவது எழுத்தில் இருக்கட்டும்: மண், நீர் மாதிரி எடுக்க அனுமதி, முடிவு மோசமானால் முன்பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை, துப்புரவுச் செலவு யார் தலையில் என்பது. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கட்டத்தில்தான் மண்ணைப் பற்றி முதன்முறையாக யோசிப்போம் என்றால், நிலத்துக்கான பணம் முழுவதும் அதற்குள் கைமாறியிருக்கும்.

கடைசியாக, அடித்தளத்துக்குத் தோண்டி எடுக்கும் மண். நம் ஊரில் அது லாரிக்கு இவ்வளவு என்று விலைபேசி வேறொரு மனையை மேடாக்கப் போகிறது. கவலைக்குரிய திட்டு எது என்று முதற்கட்ட ஆய்வு காட்டியிருந்தால், அந்த மண்ணைத் தனியே குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, சோதனை முடிவு வரும்வரை வெளியே விடாமல் வைக்க வேண்டும். அபாயகரக் கழிவு என்று முடிவானால் அது கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அனுமதி பெற்ற கழிவு மேலாண்மை நிலையத்துக்கு உரிய சீட்டோடு போக வேண்டும். தோண்டும் ஒப்பந்ததாரரின் கையில் அந்தத் திட்டைக் குறித்த வரைபடம் இருக்கிறதா என்று, முதல் லாரி மனைக்குள் வரும் நாளன்று காலையில் நீங்களே போய்ப் பாருங்கள்.